6061 அலுமினியம் எஃப்எஸ்டபிள்யூ: ஃபீடு ஏத்தினா அடியில ஓட்டை விழுது, எவ்ளோ வேகம் வரைக்கும் போகலாம்?

ஓசூர்_மில்லிங்:
வணக்கம் மக்களே. எஃப்எஸ்டபிள்யூ, அதாவது ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் (சுத்தற டூலை அமுக்கி, உலோகத்தை உருக்காம உரசல் சூட்டுல கிளறி ஒட்டறது), அதுல ஒரு சந்தேகம். ஈவி பஸ்ஸுக்கு பேட்டரி ட்ரே தரை பண்ற ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. 6061-டி6 (சூடுபடுத்தி பலம் ஏத்தின அலாய்) ப்ரொஃபைல், ஜாயிண்ட் பண்ற இடத்துல 4 மிமீ தடிமன், நாலு ப்ரொஃபைல் சேத்தா ஒரு தரை, அதாவது 3 சீம், ஒவ்வொண்ணும் 900 மிமீ. தனி ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் மெஷின் எல்லாம் நம்மகிட்ட கிடையாது, இருக்கற விஎம்சி-லயே (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) டூல் மாட்டி ஓட்டுறோம், பிடி40 சைஸ் ஹோல்டர் மாட்டற ஸ்பிண்டில். இப்ப ஓடுறது 1000 ஆர்பிஎம், ஃபீடு, அதாவது டூல் நகர்ற வேகம், நிமிஷத்துக்கு 100 மிமீ. ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கு, மடக்கிப் பாத்தாலும் விரியல. ஆனா ஒரு சீமுக்கே 9 நிமிஷம் போகுது, கஸ்டமர் சொல்ற ரேட்டுக்கு கட்டுபடியே ஆகாது. சரின்னு ஃபீடை 300 ஆக்கினா மேல வழவழன்னு அழகா வருது, வெட்டிப் பாத்தா உள்ள ஒரு ஓட்டை, சீம் முழுக்க ஓடுது. டூல் எச்13 ஸ்டீல், ஷோல்டர் (மேல உரசற அகல முகம்) 20 மிமீ ஃப்ளாட், பின் (உள்ள இறங்கற முனை) 6 மிமீ நேர் சிலிண்டர், டில்ட் (டூல் சாய்வு) கிடையாது. வெளிநாட்டுல நிமிஷத்துக்கு மீட்டர் கணக்குல ஓட்டுறாங்கன்னு போட்டிருக்கே, அது நிஜம்தானா இல்ல பேப்பர்ல மட்டுமா?

டூல்ரூம்காரன்:
ஓட்டை எந்தப் பக்கம்? அட்வான்ஸிங் சைடா (டூல் சுத்தற திசையும் நகர்ற திசையும் ஒண்ணா இருக்கற பக்கம்) ரிட்ரீட்டிங் சைடா (எதிரா இருக்கற பக்கம்)? அடியிலயா நடுவுலயா? பின் நீளம் எவ்ளோ? டேபிள்ல கீழ என்ன போட்டிருக்கீங்க?

ஓசூர்_மில்லிங்:
அட்வான்ஸிங் சைடுதான், அடியிலேர்ந்து ஒரு மிமீ மேல. காஸ்டிக் சோடால எட்ச் பண்ணி பாத்தா கண்ணு மாதிரி நீளவாக்குல ஒரு பொந்து நல்லா தெரியுது. பின் 3.7 மிமீ. கீழ மெஷின் டேபிள் மேல 20 மிமீ அலுமினியம் ஃபிக்ஸ்சர் ப்ளேட், அதுமேல நேரா ஜாப்.

டூல்ரூம்காரன்:
அப்ப சிம்பிள், ஃபீடை மூணு மடங்கு ஏத்தினா ஆர்பிஎம்மையும் மூணு மடங்கு ஏத்து. ஒரு சுத்துக்கு எவ்ளோ மிமீ நகருதோ அந்த பிட்ச் மாறாம இருந்தா வெல்டும் மாறாது. 3000 ஆர்பிஎம் 300 ஃபீடு, முடிஞ்சுது கதை.

உலோகவாத்தி:
முடியல தம்பி, 20 மிமீ ஷோல்டரை 3000-ல சுத்தினா அப்பதான் கதை ஆரம்பிக்குது :)

பிட்ச் முக்கியம்தான், மறுக்கல. ஆனா பிட்ச் ஒண்ணா இருந்தா சூடும் ஒண்ணா இருக்கும்னு நினைக்கறது தப்பு. உச்ச வெப்பநிலையை பெரும்பாலும் ஆர்பிஎம்மும் ஷோல்டர் சைஸும்தான் தீர்மானிக்குது, ஃபீடு அதுல கொஞ்சம்தான் கைவைக்கும். ஃபீடு எதை மாத்துதுன்னா, ஒரு இடம் எவ்ளோ நேரம் சூட்டுல இருக்குங்கறதை. அதோட டூலுக்கு முன்னாடி இருக்கற உலோகம் எவ்ளோ முன்கூட்டியே சூடாகுதுங்கறதையும். மெதுவா போனா சூடு முன்னாடியே ஓடிப் போய் வழியை இளக்கி வெச்சிருக்கும். வேகமா போனா பின் கிட்டத்தட்ட சூடே ஏறாத உலோகத்துக்குள்ள மோதிக்கிட்டே போகுது, அதனாலதான் முன்தள்ளும் விசை எகிறுது. கேழ்வரகு களி கிண்டுற மாதிரிதான், சூடா இருந்தா துடுப்பு போன தடம் தானா மூடிக்கும், ஆறிட்டா துடுப்புக்குப் பின்னாடி பள்ளம் அப்படியே நிக்கும். உங்க சீம் முழுக்க ஓடுற ஓட்டை, டன்னல்னு சொல்வோம், அந்தப் பள்ளம்தான். பின்னைச் சுத்தி வந்த உலோகம் கடைசியா போய் நிரப்ப வேண்டிய இடம் அட்வான்ஸிங் சைடு, அதனால குறைஞ்சா அங்கதான் குறையும்.

இப்ப 3000 ஆர்பிஎம் விஷயம். 20 மிமீ ஷோல்டரோட விளிம்பு வேகம் ஏகத்துக்கு ஏறிடும், மேல்தோல் மட்டும் அளவுக்கு மீறி இளகி வழுக்க ஆரம்பிக்கும், ஃப்ளாஷ் (ஓரத்துல வழியற உலோகம்) ரிப்பன் ரிப்பனா பிதுங்கும், அடியில பின் நுனிக்கு அந்த சூடு போயே சேராது. 6061 உருக ஆரம்பிக்கறது 582 டிகிரியில, அதனால ஓரளவு தாங்கும். இதையே 7075-லயோ 2024-லயோ பண்ணா அதுக்கு முன்னாடியே கிரெயின் (உலோகப் படிகம்) எல்லைகள்ல இருக்கற, குறைஞ்ச சூட்டுலயே உருகற யூடெக்டிக் கலவை உருகி வேலை கெட்டுடும்.

எந்த அலாய் எவ்ளோ வேகம் தாங்கும்னு ஒரு குத்துமதிப்பு வேணும்னா எக்ஸ்ட்ரூஷன்காரங்களை (சூடான உலோகத்தை அச்சு வழியா பிதுக்கி ப்ரொஃபைல் எடுக்கறவங்க) கேளுங்க. பிரஸ்ல எது சுலபமா வழியுதோ அதுவே இங்கயும் வேகமா போகும். 6063 முதல்ல, அப்புறம் 6061, 6082, அதுக்கு கீழ 5083, கடைசில 7075. ரெண்டுமே சூடான திட உலோகத்தை வழிய வைக்கற வேலைதானே. 6061-ல 100 ஃபீடுங்கறது ரொம்பவே கம்மி, 0.1 மிமீ பிட்ச். 0.3-லேர்ந்து 0.5 வரைக்கும் இந்த அலாய் தாராளமா வரும், நல்ல டூல் இருந்தா அதுக்கு மேலயும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல எல்லாரும் ஏன் 50, 75, 100-லயே ஆரம்பிக்கறோம்னா தேடினா முதல்ல வந்து நிக்கற பேப்பர் அப்படி. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்துல 2219 அலாய்ல பின் வடிவம் அஞ்சு எடுத்து ஒப்பிட்ட வேலை ரொம்ப பிரபலம், சதுர பின் நல்லா வந்துச்சுன்னு காட்டினாங்க, அதுல அதிகபட்ச வேகமே நொடிக்கு 1.25 மிமீ, நிமிஷத்துக்கு 75. அவங்க நோக்கம் பின் வடிவத்தை ஒப்பிடறது, ப்ரொடக்‌ஷன் வேகம் கிடையாது. அந்த நம்பரை எடுத்து அப்படியே ஜாப்ல போட்டுட்டு ரேட் கட்டுபடி ஆகலன்னா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

மிக்_கை:
இவ்ளோ தலைவலி எதுக்கு, மிக் (கம்பி உருக்கி ஒட்டற ஆர்க் வெல்டிங்) போட்டுட்டு போகலாமே? 4 மிமீ எல்லாம் ஊதித் தள்ளிடலாம்.

ஓசூர்_மில்லிங்:
ட்ராயிங்லயே எஃப்எஸ்டபிள்யூன்னு இருக்கு பாஸ். மிக் போட்டா தரை வாழை இலை மாதிரி வளைஞ்சு வரும், மேல பேட்டரி மாட்யூல் உக்காரணும், ஃப்ளாட்னெஸ் கிடைக்காது.

பேனல்லைன்:
நான் ஸ்வீடன் பக்கம் எக்ஸ்ட்ரூஷன் பேனல் வேலையில இருக்கேன். மீட்டர் கணக்குல ஓடுறது நிஜம்தான் தம்பி, ஆனா எதுலன்னு பாக்கணும். இந்த டெக்னிக்கை இங்கிலாந்துல டிடபிள்யூஐ-ங்கற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல கண்டுபிடிச்சாங்க, 1996-லயே நார்வேல மரைன் அலுமினியம்ங்கற கம்பெனி மீன்பிடி கப்பலோட ஃப்ரீசர் பேனலுக்கு ப்ரொடக்‌ஷன்ல இறக்கிட்டாங்க. அதெல்லாம் 6000 சீரிஸ் எக்ஸ்ட்ரூஷன், நீள நீளமா நேர்கோடு, இதைவிட நல்ல ஜாப் இந்த ப்ராசஸுக்கு கிடையாது. மெஷின் ஒரு வீடு சைஸுக்கு இருக்கும், விசையை அளந்து அதுவே கன்ட்ரோல் பண்ணும்.

கார் பக்கம் பாத்தா அமெரிக்காவுல பசிபிக் நார்த்வெஸ்ட் நேஷனல் லேப், ஜிஎம், அல்கோவா எல்லாம் சேந்து கதவோட உள்பேனலுக்கு வேற வேற தடிமன் ஷீட்டை நிமிஷத்துக்கு 3 மீட்டர்ல ஒட்டினாங்க. அது ரெண்டு மிமீ சுத்துப்பட்டு மெல்லிசு ஷீட், மெஷின் அதுக்குன்னே செஞ்சது. அந்த நம்பரை உங்க விஎம்சி-ல எதிர்பாக்காதீங்க.

உங்க பிரச்சினைல பாதி டூல், பாதி மெஷின். ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. 100 ஃபீடுல ஓட்டின சீமையும் 300-ல ஓட்டினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஷோல்டர் தடத்தோட அகலத்தை வெர்னியர்ல அளங்க. 300-ல அகலம் குறைஞ்சிருந்தா உங்க ஸ்பிண்டில் தலை மேல தூக்குதுன்னு அர்த்தம். ப்ரோக்ராம்ல இசட் அதேதான் இருக்கும், ஸ்க்ரீன்லயும் அதேதான் காட்டும், ஆனா உலோகம் சூடு கம்மியா இருக்கறதால விசை கூடி மெஷினோட தூண் வளைஞ்சு டூல் நிஜத்துல மேல போயிருக்கும். டயல் இண்டிகேட்டரை டேபிள்ல நிறுத்தி முள்ளை ஸ்பிண்டில் ஹவுசிங்ல தொட வெச்சு ஓட்டினா நேராவே தெரியும்.

ஓசூர்_மில்லிங்:
அண்ணா அளந்து பாத்தேன், 300-ல ஓட்டினதுல தடம் ஒன்றரை மிமீ கம்மியா இருக்கு, அதுவும் ஒரு ஓரம் மட்டும் லேசா தொட்டுட்டு போயிருக்கு. டயல் வெச்சா சீம் பாதியில 0.15 மேல காட்டுது. இத்தனை நாளா ப்ளஞ்ச் (டூல் உள்ள இறங்கற ஆழம்) சரியா இருக்குன்னே நினைச்சிட்டிருந்தோம்.

பேனல்லைன்:
பாத்தீங்களா. 4 மிமீ ஜாப்ல 0.15 சாதாரணம் இல்ல, ஷோல்டர் அழுத்தம் போயிடுச்சுன்னா கீழ உலோகத்தை அடைச்சு வைக்க மூடியே இல்ல. ஒரு வழி அந்த 0.15-ஐ சேத்து ப்ளஞ்ச் கொடுக்கறது. ஆனா அதைவிட விசையையே குறைக்கறதுதான் புத்திசாலித்தனம், பிடி40 ஸ்பிண்டில் பேரிங் கட்டரோட பக்கவாட்டு லோடுக்கு செஞ்சது, டன் கணக்குல மேல்நோக்கி தொடர்ந்து அமுக்கினா எவ்ளோ காலம் தாங்கும்.

டூல்ரூம்காரன்:
சரி வாத்தியார் சொன்னதை ஒத்துக்கறேன், ஆர்பிஎம் மட்டும் போதாது. டூல் விஷயம் நான் சொல்றேன், அது நம்ம ஏரியா.

20 மிமீ ஷோல்டர் 4 மிமீ ப்ளேட்டுக்கு ரொம்ப பெருசு ஓசூரு. ஷோல்டர் பெருசானா அமுக்கற விசை, டார்க் (முறுக்கு விசை) ரெண்டும் சேந்து ஏறும், ஹீட் அஃபெக்டட் சோனும் (வெல்ட் பக்கத்துல சூட்டால மாறற பகுதி) அகலமாகும். 12-லேர்ந்து 13 போடுங்க. அப்ப ஆர்பிஎம்மை 1500-1600 ஏத்தினாலும் மேல்தோல் கருகாது. ஃப்ளாட் ஷோல்டர் டில்ட் இல்லாம ஓட்டவே கூடாது, உலோகம் வெளிய பிதுங்கறதை தடுக்க ஒண்ணுமே இல்லையே. விஎம்சி-ல தலை சாய்க்க முடியாது, ஃபிக்ஸ்சரை ரெண்டு டிகிரி ஆப்பு வெச்சு தூக்கலாம்தான், அப்புறம் 900 மிமீக்கு இசட்டும் கூடவே ஏறணும், வேண்டாத வேலை. ஷோல்டர் முகத்துல ஸ்க்ரோல் வெட்டிடுங்க, சுருள் மாதிரி ரெண்டு க்ரூவ், அரை மிமீ ஆழம், டூல் சுத்தும்போது வெளி ஓரத்துலேர்ந்து உலோகத்தை பின் பக்கமா உள்ள இழுக்கற திசையில. திசை மாறிடுச்சுன்னா உலோகம் பூரா வெளிய வரும். ஸ்க்ரோல் இருந்தா ஜீரோ டில்ட்லயே ஓட்டலாம், வேகமும் தாங்கும், மூலை திருப்பறதும் சுலபம்.

பின்னை நேரா விடாதீங்க, அடி 5.5 நுனி 4-ன்னு டேப்பர். வேகமா போனா பின் வேர்ல வளையற லோடு ஒவ்வொரு சுத்துக்கும் திரும்பித் திரும்பி விழும், அங்கதான் ஃபடீக்ல முறியும், வேர்ல கண்டிப்பா ரேடியஸ் கொடுங்க. அப்புறம் த்ரெட், ஸ்பிண்டில் க்ளாக்வைஸ் சுத்தினா லெஃப்ட் ஹேண்ட் த்ரெட், அப்பதான் உலோகத்தை கீழ தள்ளும். த்ரெட் மேலயே மூணு ஃப்ளாட் கிரைண்ட் பண்ணிடுங்க. உங்க நேர் சிலிண்டர் பின் உலோகத்தை கலக்கவே இல்ல, கூடவே வழுக்கிட்டு சுத்துது, 100 ஃபீடுல சூடு அதை மறைச்சிடுச்சு, அவ்ளோதான்.

எச்13 போதும், ஹார்ட்னஸ் 50 ராக்வெல் சுத்துப்பட்டு வெச்சுக்கோங்க.

உலோகவாத்தி:
டூல் பத்தி சொன்னதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஃபிக்ஸ்சர் மட்டும் சேக்கறேன். அடியில 20 மிமீ அலுமினியம் ப்ளேட்னா வேருக்கு வர சூட்டையெல்லாம் அது குடிச்சிடும், மெதுவா ஓட்டும்போது ப்ளேட்டும் சூடாகி சமாளிச்சிருக்கும், வேகமா போனா நேரம் கிடையாது. சீம் வர்ற இடத்துக்கு கீழ மட்டும் ஸ்டெயின்லெஸ் பட்டை ஒண்ணு பதிச்சு விடுங்க, அது சூட்டை கடத்தறது அலுமினியத்தோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

வேகம் கூடினா ஸ்ட்ரெங்த் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம், டிஃபெக்ட் இல்லன்னா நேர்மாறு. 6061-டி6-க்கு பலமே உள்ள இருக்கற பொடிப்பொடி மெக்னீசியம்-சிலிக்கான் ப்ரெசிபிடேட் (துகள்)தான். 250-லேர்ந்து 400 டிகிரியில ரொம்ப நேரம் கிடந்தா அது பெருத்துப் போய் உலோகம் மெத்துனு ஆயிடும், இழுத்துப் பாக்கும்போது வெல்ட் நடுவுல அறாம கொஞ்சம் தள்ளி அறுறதுக்கு அதுதான் காரணம். வேகமா ஓட்டினா அந்த நேரம் குறையுது, மெத்துனு ஆகற பட்டையும் ஒடுங்குது.

ஆனா வேகத்துக்கு ஒரு விலை உண்டு, டன்னலை விட மோசமானது, கிஸ்ஸிங் பாண்ட். விளிம்புல இருந்த ஆக்சைடு சரியா உடைஞ்சு சிதறாம வேர்ல ஒரு கோடா நின்னுடும், ரெண்டு பக்கமும் தொட்டுக்கிட்டு இருக்கும் ஆனா ஒட்டியிருக்காது. எக்ஸ்ரேல தெரியாது, அல்ட்ராசானிக்லயும் பிடிக்கறது கஷ்டம். ரூட் பெண்ட், அதாவது வெல்டோட அடிப்பக்கத்தை (ரூட்) வெளிப்பக்கம் வெச்சு மடக்கற டெஸ்ட், போட்டா மட்டும் வாயைப் பிளக்கும். அதனால ஒவ்வொரு தடவை ஃபீடு ஏத்தும்போதும் மேக்ரோவோட (வெட்டி எட்ச் பண்ணிப் பாக்கறது) நிறுத்தாம ரூட்டை வெளிப்பக்கம் வெச்சு மடக்கிப் பாருங்க. அலுமினியம் எஃப்எஸ்டபிள்யூ-க்கான ஐஎஸ்ஓ 25239 ஸ்டாண்டர்ட்லயும் ப்ரொசீஜர் குவாலிஃபை பண்ண பெண்ட் டெஸ்ட் கேக்கறாங்க. விளிம்பை வெல்ட் பண்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ஸ்க்ரேப் பண்ணி அசிட்டோன் துடைச்சிடுங்க, நேத்து துடைச்சு வெச்சதெல்லாம் கணக்குல வராது. ரெண்டு ப்ரொஃபைலுக்கு நடுவுல இருக்கற கேப்பையும் பாருங்க, தடிமன்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் பொறுக்கும்னு சொல்வாங்க, வேகமா போகும்போது அதையும் நம்பாதீங்க.

கணக்குப்புள்ள:
நான் வெல்டிங் ஆள் இல்ல, செலவுக் கணக்கு போடறவன், ஒரு கேள்வி. க்ளாம்ப் பண்ண, கழட்ட, ஃப்ளாஷ் சுரண்ட எவ்ளோ நேரம் ஆகுது ஒரு தரைக்கு?

ஓசூர்_மில்லிங்:
போல்ட் க்ளாம்ப்தான் சார், ப்ரொஃபைல் அடுக்கி தட்டி இறுக்க ஒரு சீமுக்கு 5-6 நிமிஷம் ஆகும்.

கணக்குப்புள்ள:
அப்ப பாருங்க. 900 மிமீ, 100 ஃபீடுல 9 நிமிஷம். 300-னா 3 நிமிஷம். 600-னா ஒன்றரை. 1000-னா 54 செகண்டு. 100-லேர்ந்து 300 போனா 6 நிமிஷம் மிச்சம், 600-லேர்ந்து 1000 போக நீங்க உயிரைக் குடுத்தா மிச்சம் 36 செகண்டு. அதே நேரம் க்ளாம்புக்கு 6 நிமிஷம் குந்திக்கிட்டிருக்கு. டாகிள் க்ளாம்போ நியூமாட்டிக்கோ போட்டு அதை ரெண்டு நிமிஷம் ஆக்கினா எவ்ளோ லாபம்னு நீங்களே போட்டுக்கோங்க. மூணு சீமையும் ஒரே செட்டப்ல பிடிக்கற மாதிரி ஃபிக்ஸ்சர் பண்ண முடியாதா?

பேனல்லைன்:
இதுதான் விஷயம். பெரிய ஆளுங்களே ஒரு லிமிட்டுக்கு மேல ஃபீடை துரத்தறதில்ல. ஸ்வீடன் ஃபின்ஸ்பாங்ல சாபாங்கற அலுமினியம் கம்பெனி போட்ட மெஷின்ல மூணு தலை, மேல ரெண்டு கீழ ஒண்ணு. பேனல் நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு தலையும் எதிரெதிர் திசையில போகலாம், இல்லன்னா மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வெல்ட் பண்ணி பேனலைத் திருப்பற வேலையையே ஒழிக்கலாம். ஒரு தலையோட ஃபீடைத் தொடாமலே டைம் பாதி ஆகுது.

ஓசூர், ஃபீடை சீம் முழுக்க ஒரே மாதிரி கொடுக்கவும் வேண்டாம். ப்ளஞ்ச் பண்ணி சில செகண்டு ட்வெல் (நகராம சுத்த விடறது), அப்புறம் 150-ல கிளம்பி முதல் 40-50 மிமீக்குள்ள படிப்படியா ஏத்துங்க. முழு வேகத்துல கிளம்பினா பின் முறியறதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆரம்பத்தையும் கடைசி ஓட்டையையும் ஜாப்புக்கு வெளிய எக்ஸ்ட்ரா துண்டுல வர மாதிரி பண்ணிடுங்க. ஹோல்டருக்கு காத்து அடிச்சுக்கிட்டே இருங்க, வரிசையா சீம் ஓட்டினா சூடு ஸ்பிண்டிலுக்குள்ள ஏறும், பேரிங் க்ரீஸ் போயிடும்.

ஓசூர்_மில்லிங்:
அப்டேட். டூல்ரூம் அண்ணா சொன்ன டூல் செஞ்சாச்சு, ஷோல்டர் 12 ஸ்க்ரோல், டேப்பர் பின் லெஃப்ட் த்ரெட் மூணு ஃப்ளாட், நீளம் 3.8. அடியில எஸ்எஸ் பட்டையும் பதிச்சாச்சு. 1500 ஆர்பிஎம்ல 300 முதல் தடவையே க்ளீன். 500-ம் க்ளீன், மேக்ரோ, ரூட் பெண்ட் ரெண்டும் பாஸ், டயல்ல தலை தூக்கறது பழைய டூல் 300-ல காட்டினதை விட கம்மி. மேல இருக்கற வளைய கோடுகளை இப்ப கண்ணாலயே எண்ணலாம், மூணு கோடுக்கு ஒரு மிமீ வருது. 650-லயும் மேக்ரோல ஒண்ணும் தெரியல, ஆனா ரூட் பெண்ட்ல நேர்கோடா முடி மாதிரி விரிசல் விட்டுடுச்சு. டென்சைல் (இழுத்துப் பாக்கற டெஸ்ட்) வெளி லேப்ல குடுத்து பாத்தோம், 500 ஃபீடு பீஸ் 100 ஃபீடு பீஸை விட கூடத்தான் வந்துச்சு, ரெண்டுமே வெல்டுக்கு பக்கத்துலதான் அறுந்துது.

டூல்ரூம்காரன்:
மூணு கோடுக்கு ஒரு மிமீன்னா பிட்ச் 0.33, கணக்கு சரியா இருக்கு. 650-ல பின் 3.85 பண்ணி ட்ரை பண்ணலாமே?

உலோகவாத்தி:
பண்ணலாம், ஆனா பேக்கிங் பட்டையோட ஃப்ளாட்னெஸ் 900 மிமீக்கும் 0.05-க்குள்ள இருக்கான்னு பாத்துட்டு. இல்லன்னா பின் எங்கயாவது ஸ்டெயின்லெஸ்ஸை உரசிட்டு போகும். என்னைக் கேட்டா ப்ரொடக்‌ஷனுக்கு 450-ல பூட்டிடுங்க. ப்ரொஃபைல் பேட்சுக்கு பேட்ச் தடிமன் கொஞ்சம் மாறும், டூல் தேயும், விளிம்பு துடைக்கற பையன் ஒருநாள் சரியா துடைக்க மாட்டான், அதுக்கெல்லாம் இடம் வேணும். டென்சைல் பழசை விட கூடன்னு வந்ததுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

கணக்குப்புள்ள:
450-னா 2 நிமிஷம். க்ளாம்ப் என்ன ஆச்சு?

ஓசூர்_மில்லிங்:
டாகிள் ஆர்டர் போட்டாச்சு சார். மூணு சீமும் ஒரே செட்டப்ல வர்ற மாதிரி ஃபிக்ஸ்சர் ட்ராயிங் ஓடிக்கிட்டிருக்கு, பக்கவாட்டு அழுத்தத்துக்கு மட்டும் என்ன போடறதுன்னு யோசிக்கறோம், டூல் உள்ள போகும்போது ப்ரொஃபைல் ரெண்டும் விலகப் பாக்குது.

பேனல்லைன்:
பக்கவாட்டுக்கு ஹைட்ராலிக் சிலிண்டர் 200 மிமீக்கு ஒண்ணு. மேலேர்ந்து அமுக்கற க்ளாம்பை சீமுக்கு எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட கொண்டு வாங்க, ஸ்பிண்டில் மூக்கு இடிக்காத அளவுக்கு.

புது_மெம்பர்:
எல்லாருக்கும் வணக்கம், இதே செட்டிங்கை 5083-ல 6 மிமீக்கு போடலாமா? படகு ஜாப்.

டூல்ரூம்காரன்:
போடக்கூடாது, அது முறுக்கு புடிச்ச அலாய், இந்த ஃபீடுக்கு பின் நிக்காது. தனி இழை ஆரம்பிங்க, மெஷின் என்ன, டூல் என்னன்னு முழுசா போடுங்க.